கோபக்காரத் தேனீக்களுக்குப் புது ராணி

தேன் எல்லோருக்கும் பிடிக்கும். தேனீ கொட்டினால் யாருக்கும் பிடிக்காது.

ஒரு வீட்டுத் தோட்டத்தில் நான்கு தேனீப் பெட்டிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்று பெட்டிகள் சாது. மூடியைத் திறந்தாலும் தேனீக்கள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கும். நான்காவது பெட்டி அப்படி இல்லை. மூடியில் கை வைத்தாலே சீறிக்கொண்டு வரும். வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டகை வரை ஓடினாலும் விடாமல் துரத்தும். கொடியில் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அம்மாவைக் கொட்டும். கன்றுக்குட்டியின் பாடு இன்னும் மோசம். கட்டிய கயிற்றை விட்டு அதனால் ஓடவும் முடியாது.

"அண்ணே, பிள்ளைகள் விளையாடுகிற இடம். இந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள்" என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. அவர் கேட்பது நியாயம்தான்.

"ராத்திரியோடு ராத்திரியாகத் தீ வைத்துவிட வேண்டியதுதான்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

பொறுங்கள். அந்தப் பெட்டியில் பல ஆயிரம் தேனீக்கள் இருக்கின்றன. அவை தேன் சேர்க்கின்றன. தோட்டத்தில் பூசணியும் பாகலும் காய்பிடிக்க உதவுகின்றன. அத்தனையையும் கொல்ல வேண்டாம். ஒரே ஒரு தேனீயை மாற்றினால் போதும். அதுதான் ராணித் தேனீ.

முதலில் காரணம் தேடுங்கள்

எல்லாக் கோபத்துக்கும் ராணி காரணம் அல்ல. நல்ல கூட்டமும் சில நேரம் சீறும். பூ இல்லாத காலத்தில் தேன் வரத்து நின்றுவிடும். அப்போது இருக்கிற தேனைக் காக்கத் தேனீக்கள் கடுமையாக இருக்கும். மழை, மேகமூட்டம், பலத்த காற்று, மாலை மங்கிய நேரம் ஆகியவையும் அப்படித்தான். வெளியே போன தேனீக்கள் எல்லாம் வீடு திரும்பி உள்ளே நெருக்கி இருக்கும் நேரம் அது. அப்போது திறந்தால் கொட்டத்தான் செய்யும்.

பெட்டியின் காலில் எறும்பு ஏறுகிறதா? வாசலில் குளவி வந்து தேனீக்களைப் பிடிக்கிறதா? வேறு பெட்டித் தேனீக்கள் வந்து தேன் திருடுகின்றனவா? அடியில் மெழுகுப் பூச்சி பிடித்திருக்கிறதா? ராணி செத்துப்போய்க் கூட்டம் அநாதையாக இருக்கிறதா? இவை எல்லாம் பாருங்கள்.

உங்களையும் பாருங்கள். கறுப்புத் துணி, கம்பளித் துணி, வியர்வை நாற்றம், வாசனை எண்ணெய் ஆகியவை தேனீக்களுக்கு ஆகாது. பெட்டியைத் தடதடவென்று இழுப்பதும், சட்டத்தைத் திடுமெனத் தூக்குவதும் ஆகாது. ஒரு தேனீயை நசுக்கினாலும் போதும். அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். அது பழுத்த வாழைப்பழ வாசனை போல இருக்கும். 'ஆபத்து, கொட்டுங்கள்' என்று மற்றத் தேனீக்களுக்கு அது அறிவிப்பு. கொட்டிய இடத்திலும் அதே வாசனை இருக்கும். ஒரு தேனீ கொட்டிய இடத்திலேயே இன்னொன்று வந்து கொட்டுவது அதனால்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போடுங்கள். நல்ல வெயில் நாளில், பூ இருக்கும் காலத்தில், புகை போட்டு மெதுவாகத் திறந்து பாருங்கள். பார்த்ததை அன்றே எழுதுங்கள். பெரிய எழுத்து வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

ஜனவரி 10. காலை 10 மணி. நல்ல வெயில். 4ஆம் பெட்டி. புகை போட்டேன். 6 கொட்டு. கொட்டகை வரை துரத்தியது.

ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். பிறகு இன்னொரு முறையும் பாருங்கள். மூன்று முறையும் மற்றப் பெட்டிகள் சாதுவாக இருந்து, இந்தப் பெட்டி மட்டும் துரத்தினால், அது குணக் கோளாறு. கொஞ்சம் முறைப்பு இருந்தால் பரவாயில்லை என்பது என் எண்ணம். வாசலில் காவல் இல்லாத கூட்டத்தைக் குளவி விட்டுவைக்காது. ஆனால் வீட்டு வாசல் வரை துரத்தும் கூட்டத்தை மக்கள் நடமாடும் இடத்தில் வைத்திருக்கக் கூடாது.

குணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு பெட்டியில் ராணி ஒன்றுதான். அதன் வேலை முட்டை இடுவது. ஒரு நாளில் பல நூறு முட்டைகள் இடும். கூட்டத்தில் உள்ள வேலைக்காரத் தேனீக்கள் எல்லாம் அதன் பெண் பிள்ளைகள். பூவுக்குப் போவதும் அவைதான். வாசல் காப்பதும் அவைதான். கொட்டுவதும் அவைதான். ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது.

ராணி இளம் வயதில் வெளியே பறந்து போய்ப் பல ஆண் தேனீக்களுடன் சேரும். அந்த வித்தைத் தன் வயிற்றிலே சேமித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆயுள் முழுவதும் அதை வைத்தே முட்டை இடும். ஆகவே வேலைக்காரத் தேனீக்களுக்குத் தாய் ஒன்று, தகப்பன் பல. தாயின் குணமும் தகப்பன்களின் குணமும் பிள்ளைகளுக்கு வரும்.

குணம் வம்சத்தில் வரும் என்பதற்குப் பிரேசில் நாட்டில் நடந்ததைச் சொல்லலாம். 1956ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்காவில் இருந்து ராணித் தேனீக்களை அங்கே கொண்டுபோனார்கள். 1957இல் 26 ராணிகள் தங்கள் கூட்டத்தோடு தப்பிப் பறந்துவிட்டன. அவற்றின் பிள்ளைகள் அங்கே இருந்த தேனீக்களோடு கலந்தன. பிறந்தவை எல்லாம் கடும் கோபக்காரத் தேனீக்கள். அவை பல நாடுகளுக்குப் பரவி, ஆட்களையும் மாடுகளையும் கொட்டிக் கொன்றிருக்கின்றன. நம் நாட்டுப் பெட்டிகளில் இருப்பது அந்த இனம் அல்ல. பயப்பட வேண்டாம்.

நம் நாட்டில் பெட்டியில் வளர்ப்பது முக்கியமாக இரண்டு இனம். ஒன்று நம்முடைய இந்தியத் தேனீ. மற்றது இத்தாலியத் தேனீ. இத்தாலியத் தேனீயை 1962இல் இன்றைய இமாசலப் பிரதேசத்தில் உள்ள நக்ரோட்டாவில் வளர்த்து வெற்றி கண்டார்கள். பிறகு அது பஞ்சாபிலும் மற்ற மாநிலங்களிலும் பரவியது. இந்த இரண்டும் வேறு வேறு சாதி. ஒன்றின் பெட்டியில் மற்றதன் ராணியை விடாதீர்கள். ஏற்றுக்கொள்ளாது, கொன்றுவிடும்.

பாறையிலும் பெரிய மரத்திலும் தொங்கும் மலைத் தேனீயின் கதை வேறு. அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது.

வேலைக்காரத் தேனீ பூக்காலத்தில் ஓய்வில்லாமல் உழைத்து, ஐந்து ஆறு வாரத்தில் செத்துவிடும். இதுதான் நமக்குச் சாதகம். இன்று கொட்டுகிற தேனீ எதுவும் இரண்டு மாதம் கழித்து உயிரோடு இருக்காது. அதன் இடத்தில் வேறு தேனீக்கள் இருக்கும். அவை யாருடைய பிள்ளைகள் என்பதுதான் கேள்வி. ராணியை மாற்றினால் பெட்டி அதேதான், அடை அதேதான். ஆனால் உள்ளே இருப்பது புதுக் குடும்பம்.

புது ராணி எங்கே கிடைக்கும்?

உங்கள் சாதுவான பெட்டியிலேயே கிடைக்கும். நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எந்தப் பெட்டி குறைவாகக் கொட்டியது? எது நிறையத் தேன் தந்தது? எதில் நோய் வரவில்லை? அதுதான் தாய்ப் பெட்டி. நோய் வந்த பெட்டியில் இருந்து ராணி எடுக்காதீர்கள். 1991, 1992ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் ஒரு வைரஸ் நோய் பரவி, புழுக்கள் பை போல வீங்கிச் செத்தன. இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. தேனை நம்பி இருந்த குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. சாது என்பதற்காக நோயை விலைக்கு வாங்கக் கூடாது.

பூ நிறைந்த காலத்தில் பலமான கூட்டம் இரண்டாகப் பிரியப் பார்க்கும். அப்போது அடையின் கீழ் ஓரத்தில் ராணி அறை கட்டும். அது நிலக்கடலை போலத் தலைகீழாகத் தொங்கும். மற்ற அறைகளைவிடப் பெரியது. அறையின் வாய் மூடியிருந்தால் ராணி உள்ளே வளர்ந்துகொண்டு இருக்கிறது என்று பொருள்.

அந்த அறை உள்ள சட்டத்தைத் தேனீக்களோடு எடுத்து ஒரு காலிப் பெட்டியில் வையுங்கள். பழைய ராணி அந்தச் சட்டத்தில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புழு உள்ள சட்டம் ஒன்றும், தேன் உள்ள சட்டம் ஒன்றும் கூட வையுங்கள். இப்போது ஒரு சின்னக் குடும்பம் தயார். சில நாளில் ராணி வெளியே வரும். ஒரு வாரம் போல ஆனதும் பறந்து போய் ஆண் தேனீக்களுடன் சேர்ந்து திரும்பும். அடுத்த சில நாளில் முட்டை இடத் தொடங்கும். மழைக்காலத்தில் இதைச் செய்யாதீர்கள். ராணி பறக்க வெயில் வேண்டும். ஆண் தேனீக்களும் இருக்க வேண்டும்.

ஒவ்வோர் அறையிலும் ஒரு முட்டை வீதம் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நல்ல ராணி.

கோபக்கார ராணியைப் பிடிப்பது

இதுதான் கஷ்டமான வேலை. ஆயிரக்கணக்கான கோபக்காரத் தேனீக்களுக்கு நடுவே ஒன்றைத் தேட வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள். துணைக்கு ஒருவர் இருக்கட்டும். பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் தூரத்தில் விடுங்கள். பக்கத்து வீட்டிலும் முன்பே சொல்லிவிடுங்கள். வெளுத்த நிறத் துணி, வலை முகமூடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கால்சட்டையின் அடியைக் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள்.

கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் வழித்து எடுத்துவிடுங்கள். கொடுக்கோடு ஒரு விஷப்பை ஒட்டிக்கொண்டு இருக்கும். தாமதம் செய்யச் செய்ய விஷம் இறங்கும். கொட்டிய இடம் வீங்குவது வழக்கம்தான். ஆனால் முகம் முழுவதும் வீங்கினாலும், உடம்பெல்லாம் தடித்தாலும், மூச்சு முட்டினாலும், மயக்கம் வந்தாலும் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிலருக்கு ஒரு கொட்டே உயிருக்கு ஆபத்து. முன்பு அப்படி ஆன ஆள் இந்த வேலைக்கு வரக் கூடாது.

பகல் 11 மணி போல, வெயில் நன்றாக ஏறிய பிறகு தொடங்குங்கள். வயதான தேனீக்கள்தான் அதிகம் கொட்டும். அவை அப்போது பூவுக்குப் போயிருக்கும்.

இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. கோபக்காரப் பெட்டியின் வாசலில் மெதுவாகப் புகை விடுங்கள். தேங்காய் நாரோ பழைய சாக்குத் துணியோ எரித்த புகை போதும். பிளாஸ்டிக், மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது. புகை பட்டால் தேனீக்கள் வயிறு நிறையத் தேன் குடிக்கும். ஆபத்து வாசனையும் அவற்றுக்குத் தெரியாது. இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு பெட்டியை அப்படியே தூக்கிப் பதினைந்து இருபது அடி தள்ளி வையுங்கள். பழைய இடத்தில் ஒரு காலிப் பெட்டியை வையுங்கள். அதில் ஒரு சட்டம் இருக்கட்டும். பூவுக்குப் போன தேனீக்கள் இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும். திரும்பி வந்து காலிப் பெட்டிக்குள் போய்விடும். தூக்கி வைத்த பெட்டியில் இருந்து பறப்பவையும் பழைய இடத்துக்கே போகும். ஒரு மணி நேரத்தில் தள்ளி வைத்த பெட்டியில் இளம் தேனீக்களும் ராணியும்தான் மிஞ்சும். இளம் தேனீக்கள் அவ்வளவாகக் கொட்டாது. இப்போது திறந்து தேடுங்கள்.

ஓரச் சட்டத்தில் இருந்து தொடங்குங்கள். ராணி தேன் உள்ள அடையில் இருக்காது. முட்டையும் புழுவும் உள்ள நடு அடைகளில் இருக்கும். மற்றத் தேனீக்களைவிட நீளம். வயிறு கூராக நீண்டு, இறக்கை அதைப் பாதிதான் மூடியிருக்கும். இந்தியத் தேனீயின் ராணி கொஞ்சம் கறுப்பாக இருக்கும். வெளிச்சம் பட்டால் அடையின் மறுபக்கம் ஓடிவிடும். ஆகவே சட்டத்தைத் தூக்கியதும் இரண்டு பக்கமும் பாருங்கள். பெட்டியின் சுவரிலும் பாருங்கள்.

சட்டத்தைத் தூக்கிப் பார்க்க முடிவதால்தான் இதெல்லாம் முடிகிறது. 1911ஆம் ஆண்டை ஒட்டித் தென்னிந்தியாவில் நியூட்டன் என்ற பாதிரியார் நம் தேனீயின் அளவுக்கு ஏற்ற சின்னப் பெட்டியை அமைத்தார். சட்டங்களைத் தனித்தனியாகத் தூக்கலாம். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே அழைக்கப்படுகிறது. பானையிலும், மலை மாநிலங்களில் வீட்டுச் சுவர்ப் பொந்திலும் தேனீ வளர்ப்பவர்கள் உண்டு. அங்கே அடை ஒட்டிக்கொண்டு இருக்கும். ராணியைத் தேடிப் பிடிப்பது மிகவும் கடினம்.

ராணி கிடைத்ததும் அதைக் கொன்றுவிட வேண்டும். மனசு கொஞ்சம் சங்கடப்படும். ஆனால் வெளியே விட்டால் கூட்டம் அதைத் தேடிப் பின்னாலேயே போய்விடக்கூடும். பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து, சட்டங்களையும் தேனீக்களையும் ஒன்று சேருங்கள்.

சேர்த்து வைப்பது

புது ராணியை அப்படியே உள்ளே விட்டால் கொன்றுவிடும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி வாசனை உண்டு. வாசனை மாறினால் அந்நியம்தான். ஆகவே வாசனை கலக்கும் வரை நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்பு ஒரு தாள் செய்தித்தாள்!

சின்னக் குடும்பத்தின் பெட்டியை முன்பே, நாளைக்கு இரண்டு அடி வீதம் நகர்த்தி, கோபக்காரப் பெட்டியின் பக்கத்தில் கொண்டு வந்திருக்க வேண்டும். ஒரேயடியாக நகர்த்தினால் தேனீக்கள் வழி தவறிவிடும். பழைய ராணியை எடுத்த மறுநாள் மாலை, கோபக்காரப் பெட்டியின் மூடியை எடுத்து, மேலே செய்தித்தாளை விரியுங்கள். ஊசியால் நாலைந்து துளை போடுங்கள். அதன் மேல் சின்னக் குடும்பம் உள்ள அறையை அடிப்பலகை இல்லாமல் வைத்து மூடுங்கள். மேலேயும் கீழேயும் உள்ள தேனீக்கள் தாளைக் கடித்துக் கடித்து ஓட்டை பெரிதாக்கும். இரண்டு மூன்று நாளில் கலந்துவிடும். கடித்துப் போட்ட காகிதத் தூள் வாசலில் கிடக்கும். அதைப் பார்த்தால் வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு புழு உள்ள சட்டங்களை ஒரே அறையில் அடுக்கிவிடலாம்.

விலைக்கு வாங்கிய ராணியாக இருந்தால் கம்பி வலைக் கூண்டில் வரும். கூண்டை இரண்டு அடைகளுக்கு நடுவே வையுங்கள். மூன்று நாள் கழித்துப் பாருங்கள். தேனீக்கள் கூண்டை மொய்த்துக் கம்பியைக் கடித்தால் இன்னும் கோபம் தீரவில்லை. சாதாரணமாக நடமாடி, நாக்கை நீட்டி ராணிக்கு ஊட்டினால் திறந்துவிடலாம்.

தாமதம் மட்டும் செய்யாதீர்கள். நம் இந்தியத் தேனீ ராணி இல்லாமல் அதிக நாள் பொறுக்காது. வேலைக்காரத் தேனீக்களே முட்டை இடத் தொடங்கிவிடும். அந்த முட்டையில் ஆண் தேனீதான் பிறக்கும். பிறகு அந்தக் கூட்டம் புது ராணியை ஏற்பதும் கடினம்.

ஏழாம் நாள் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். ராணி போன உடனே கூட்டம் பழைய ராணியின் இளம் புழுவில் இருந்து தானே ஒரு ராணியை வளர்க்கப் பார்க்கும். அது வளர்ந்தால் பழைய கதைதான். ராணி அறை எங்கே இருந்தாலும் நசுக்கிவிடுங்கள். அதற்குப் பின் பயம் இல்லை. ராணியாக வளர்க்கும் அளவுக்கு இளம் புழு பழைய ராணியுடையது எதுவும் மிஞ்சியிருக்காது.

பூ குறைவாக இருந்தால், ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, மாலையில் பெட்டிக்குள் வையுங்கள். வெளியே சிந்தாதீர்கள். சிந்தினால் மற்றப் பெட்டித் தேனீக்கள் திருட வரும். சும்மா சும்மா திறந்தும் பார்க்காதீர்கள். தொந்தரவு அதிகமானால் இந்தியத் தேனீ பெட்டியையே விட்டு ஓடிவிடும்.

எப்போது அடங்கும்?

ராணி மாறிய மறுநாளே சாது ஆகாது. முட்டை தேனீயாக வெளிவர மூன்று வாரம் ஆகும். அந்த இளம் தேனீ மேலும் இரண்டு மூன்று வாரம் உள்ளே வேலை செய்துவிட்டுத்தான் வாசலுக்கு வரும். அதுவரை வாசலில் நிற்பது பழைய ராணியின் பிள்ளைகள்தான். ஆகவே இரண்டு மாதம் பொறுங்கள். அதுவரை அந்தப் பெட்டியை நடைபாதையில் இருந்து தள்ளி, வேலி மறைவில் வையுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். 6 கொட்டு என்பது 3 ஆகிறதா, 1 ஆகிறதா என்று தெரியும்.

இரண்டு மாதத்துக்குப் பிறகும் மாறவில்லை என்றால், ராணியை மறுபடி தேடிப் பாருங்கள். புது ராணி செத்து, பழைய வம்சத்து ராணி ஒன்று எப்படியோ வளர்ந்திருக்கலாம். அல்லது புது ராணி கோபக்கார ஆண் தேனீக்களோடு சேர்ந்திருக்கலாம்.

அந்த ஆண் தேனீக்கள் எங்கிருந்து வருகின்றன? உங்கள் பெட்டியில் இருந்தும் வரும், ஊரில் உள்ள மற்றப் பெட்டிகளில் இருந்தும் வரும். ஆண் தேனீக்குத் தகப்பன் கிடையாது. தாயின் குணம் அப்படியே இருக்கும். உங்கள் கோபக்காரப் பெட்டியின் ஆண் தேனீக்கள் நாலு தெரு தள்ளி இருப்பவரின் ராணியோடு சேரலாம். அடுத்த வருடம் அவர் பெட்டி சீறும். ஆகவே ராணியை மாற்றும் அன்றே, அடையில் ஆண் தேனீ வளரும் அறைகளை வெட்டி எடுத்துவிடுங்கள். மேலே மேடு போல உப்பி இருக்கும் பெரிய அறைகள் அவை. எடுத்த துண்டைக் கோழிக்குப் போடுங்கள். ஆசையாகத் தின்னும்.